வெட்கச் சேவையின் முதல் கடிதம்

கருவேலம்பாளையம் நகராட்சியில் பொதுமக்கள் அனைவருக்குமாக வெட்கப்படும் பணியைப் பதினோர் ஆண்டுகளாகத் துளசிமணி என்ற ஒரே ஊழியர் செய்துவந்தார். அந்த ஏற்பாட்டை வடிவமைத்துக் கொடுத்தவன் நான்.

அதற்கு முன்பு அங்கே வெட்கம் வீட்டுக்கு வீடு தனித்தனியாக நடைபெற்றது. நகராட்சி ஆணையர் ஆறுச்சாமி என்னை ஆலோசகராக அழைத்தபோது, மூன்று வாரங்கள் தெருத் தெருவாகச் சென்று ஆராய்ந்தேன். ஒரே செயலுக்காகக் கணவர் ஒரு முறையும் மனைவி ஒரு முறையும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தனர். சில தெருக்களில் எவரும் வெட்கப்படவில்லை; பக்கத்து வீட்டார் பட்டிருப்பார்கள் என்று நம்பியிருந்தனர். ஒரே வேலை நான்காயிரம் இடங்களில் நான்காயிரம் விதமாக நடைபெற்றால், அதை ஓரிடத்தில் குவித்து, வேண்டியவர்கள் கடிதம் எழுதிப் பெற்றுக்கொள்ளும்படி செய்வதே என் தொழில். கொட்டாவியை நூலகத்திற்கும், பொறுமையைக் குடிநீர்ப் பிரிவிற்கும், வெட்கத்தை நகராட்சிக் கட்டடத்தின் ஆறாம் எண் அறைக்கும் ஒதுக்கினேன். இவ்வாறு பிரித்த சேவைகளுக்கிடையே கடிதங்களைக் கொண்டுசெல்ல ஒரு பஸ் வேண்டும் என்று எங்கள் துறையின் நூல்கள் எல்லாம் கூறுகின்றன. நகராட்சி ஒரு பஸ்ஸைக் கொடுத்தது. மயில்சாமி என்பவர் அதன் நடத்துநரானார்.

கடிதங்களின் அமைப்பையும் நானே வகுத்தேன். அவை எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் எழுதப்படவேண்டும். அம்முறை எளியது. சொல்லவரும் ஒவ்வொன்றையும் அதன் பெயரைக் கூறித் திறக்கவேண்டும். சொல்லி முடித்ததும் அதே பெயரைக் கூறி மூடவேண்டும். திறப்பதற்கும் மூடுவதற்கும் இடும் அடையாளத்தை டேக் என்போம். ஒன்றனுள் மற்றொன்றைத் திறந்தால், உள்ளே இருப்பதை மூடிய பிறகே வெளியே இருப்பதை மூடலாம். வெட்கக் கடிதத்தில் செய்தவர் பெயர், செய்தது என்ன, யாருக்குச் செய்தது, தீங்குற்றவரின் கையொப்பம் ஆகிய நான்கு பகுதிகள் கட்டாயம். கையொப்பம் இல்லாத கடிதத்தை மூட இயலாது. அந்த விதியை எழுதி முடித்த மாலையில் எனக்கு என்மீதே மதிப்பு உண்டாயிற்று.

கடிதம் முழுவதும் வந்துசேரும்வரை காத்திருந்தால் மக்களுக்குத் தாமதமாகும். ஆகவே, திறக்கும் டேக்கைப் படித்தவுடனேயே துளசிமணி தலையைக் குனியவேண்டும். மூடும் டேக்கைப் படித்ததும் நிமிரவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நேர்காணலுக்கு வந்த ஏழு பேரில், பிறர் செய்ததற்குத் தலை தானாகக் குனிந்தவர் அவர் ஒருவரே. அப்போதும் அவர் பார்த்தது என் கறுப்புச் செருப்பை மட்டுமே.

சென்ற ஆவணி மாதம் ஆணையரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. துளசிமணியின் தலை நிமிரவில்லை என்றும், பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி நான் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சென்று சேர்ந்தேன்.

ஆணையர் என்னைப் படிக்கட்டிலேயே எதிர்கொண்டார்.

"வாரண்டி முடிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க சார். கழுத்துக்குப் பட்டையெல்லாம் வாங்கிக் குடுத்துப் பார்த்துட்டோம்."

பயன் இருந்ததா என்று கேட்டேன்.

"தலை நிமிரலீங்க. பட்டைதான் குனிஞ்சுபோச்சு."

ஆறாம் எண் அறையில் துளசிமணி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அவருடைய மோவாய் நெஞ்செலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் என் காலைப் பார்த்தார்.

"கன்சல்டண்ட் சாருங்களா? உட்காருங்க. அந்தக் கறுப்புச் செருப்பைத் தூக்கிப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது."

"வார் அந்துபோச்சுங்க," என்றேன்.

"நல்ல செருப்புங்க அது," என்றார் அவர்.

தலை எப்போதிலிருந்து நிமிரவில்லை என்று விசாரித்தேன். அவர் தம் நான்கு விரல்களைச் சேர்த்து மேசைமீது வைத்தார்.

"நிமிராம இல்லீங்க. ஒவ்வொரு கடுதாசிக்கும் குனிஞ்சு குனிஞ்சு நிமுந்துக்கறேன். ஆனா முழுசா நிமுந்ததில்ல. மொத நாள்லருந்தே நாலு விரக்கடை பாக்கி நிக்குது. வயசாக வயசாக அந்த நாலு விரக்கடையே பாரமாயிருச்சு."

"பதினோரு வருசமாவா? ஏங்க சொல்லல?"

"வேலையே அப்படித்தானாட்ட இருக்குதுன்னு இருந்துட்டனுங்க."

நான் அந்த ஊரில் வசிப்பவன் அல்லன். எனவே, என் வெட்கத்தை நானே பட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. பட்டுக்கொண்டே, இப்போது மட்டும் ஏன் முறையிட்டார் என்று கேட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் கோகிலவாணிக்குத் திருமணம். மாப்பிள்ளையின் ஊர் தாராபுரத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கெல்லாம் வெட்கம் இன்னும் அவரவர் வீட்டிலேயே நடைபெறுகிறது. பெண்ணின் தாய் மண்டப வாயிலில் நின்று, சந்தனம் கொடுத்து, சம்பந்தியம்மாளை முகத்துக்கு முகம் பார்த்து அழைக்கவேண்டும். துளசிமணிக்குக் கணவர் இல்லை. வாயிலில் நிற்க வேறு எவரும் இல்லை.

"பொண்ணைப் பெத்தவ தலையைத் தொங்கப்போட்டுட்டு நின்னா, வெளியூர்க்காரங்க என்னங்க நெனப்பாங்க? என்னமோ நடந்திருக்குதுன்னு வந்த வண்டியிலயே திரும்பிப் போயிருவாங்க. இதுக்கு முன்னால ரெண்டு எடம் அப்படித்தான் போச்சு. இவங்க என்னை இன்னும் நேர்ல பார்க்கல. போன்லயே பேசி முடிச்சுட்டேன்." பிறகு, தரையைப் பார்த்தபடியே சிரித்தார். "போன்ல நிமுந்த மாதிரியேதான் பேசுவனுங்க."

நான் பதிவேடுகளைக் கேட்டேன். இரும்பு அலமாரியில் அறுபத்தோராயிரத்து நானூற்றெட்டுக் கடிதங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. கடைசிக் கடிதத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். நான்காம் வார்டில் ஒருவர் அடுத்த வீட்டு முருங்கை மரத்திற்குத் தம் தந்தையின் பெயரைச் சூட்டியிருந்தார். ஒரு பள்ளித் தாளாளர் மழைக்கு விடுமுறை அறிவித்துவிட்டு மழையை வரவழைக்காமல் இருந்துவிட்டார். எல்லாக் கடிதங்களும் திறந்த பெயராலேயே மூடப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் கையொப்பம் இருந்தது. மாலை ஐந்து மணியளவில் அடியில் இருந்த முதற்கடிதத்தை எட்டினேன். அது திறக்கப்பட்டிருந்தது, மூடப்படவில்லை. கையெழுத்து என்னுடையது.

ஒரு சேவையைத் திறந்துவைப்பதற்கு முன்னர்ச் சோதனைக் கடிதம் ஒன்றை அனுப்பிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். சோதனையில் பொய்யான செய்தியை எழுதக்கூடாது. பொய் எப்படியும் தேறிவிடும். ஆகவே, அன்று நான் உண்மையான ஒன்றை எழுதினேன்.

கருவேலம்பாளையத்திற்கு வருவதற்கு முந்தைய ஆண்டு நானும் அமலதாஸ் என்ற நண்பரும் ஒரு துணி ஆலைக்குக் கடித அமைப்பு வகுத்துக் கொடுத்தோம். தறிகளுக்குச் செல்லும் ஆணையில் நீளத்தைக் கட்டாயம் என்று குறித்த நான், அகலத்தை விருப்பம் என்று குறித்துவிட்டேன். மூன்று நாள்கள் அந்த ஆலை அகலமே இல்லாத துணியை நெய்தது. எண்பதாயிரம் மீட்டர். முதலாளி எங்களையும் அலுவலர்களையும் ஓர் அறையில் நிறுத்தி, இது யார் வேலை என்று கேட்டார். அமலதாஸ் வெளியேற்றப்பட்டார். அந்தச் செய்தி பரவியதால் பிறகு எந்த நிறுவனமும் அவரை அழைக்கவில்லை. அந்த ஆலையின் பணியை நான் தனியாக முடித்தேன். அதன் பேரில்தான் ஆறுச்சாமி என்னை அழைத்தார்.

சோதனைக் கடிதத்தில், 'செய்தது என்ன' என்ற பகுதியில், 'முதலாளி கேட்டபோது மௌனமாக இருந்தேன்' என்று எழுதியிருந்தேன். கையொப்பப் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது. அப்போது ஆணையர், பஜ்ஜி ஆறிப்போகிறது என்று மாடியிலிருந்து கூப்பிட்டார். சென்றேன். என் கடிதம் பாதியில் துளசிமணியின் மேசைமீதே கிடந்தது. திரும்பி வந்தபோது முதல் பொதுமக்கள் கடிதம் வந்துசேர்ந்திருந்தது. துளசிமணியின் தலை அழகாகக் குனிந்து நிமிர்ந்தது. எனக்கு மாலை அணிவித்தார்கள்.

அதன் பிறகு வந்த கடிதங்கள் அனைத்தும் என் கடிதத்திற்கு உள்ளேதான் வந்து விழுந்திருக்கின்றன. கருவேலம்பாளையத்து மக்கள் பதினோர் ஆண்டுகளாகப் பட்ட வெட்கமெல்லாம் என் மௌனத்தின் உட்பிரிவுகள்.

பதிவேட்டைப் பார்த்து முடித்த என்னிடம், "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்று துளசிமணி கேட்டார்.

"பணிச்சுமை அதிகம். ஒரு நாள் லீவு எடுத்துப் பாருங்க," என்றேன்.

புதன்கிழமை அவர் விடுப்பு எடுத்து வீட்டில் குனிந்திருந்தார். நான் ஆறாம் எண் அறையில் அமர்ந்து, என் கடிதத்தைக் கையொப்பம் இல்லாமலேயே மூடுவதற்கு வழி தேடினேன். ஒரே வழிதான் இருந்தது. விதியைத் திருத்தி, தீங்குற்றவரின் கையொப்பம் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதினேன். ஆணையரும் படிக்காமல் ஒப்பமிட்டார்.

கையொப்பம் வேண்டாமென்றால் கையொப்பமிடுபவரும் வேண்டாம். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குள் நகராட்சி எல்லைக்குள் தீங்குற்றவர் எவரும் இல்லை.

துளசிமணி பணிக்குத் திரும்பியிருந்தார். நான் என் கடிதத்தின் மூடும் டேக்கை எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தேன். அப்போது ஐம்பது வயதுள்ள ஓர் அம்மையார் வாயிலில் வந்து நின்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவரும் தந்தையின் வீட்டை அவருக்குச் சொல்லாமல் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட செய்தி, முந்தைய வாரக் கடிதங்களில் இருந்தது.

"ஏனுங்க, நான் இங்க எதையாச்சும் வெச்சுட்டுப் போயிட்டனுங்களா?" என்று கேட்டார்.

என்ன பொருள் என்று கேட்டேன்.

"அதுதானுங்க தெரியல. கையில என்னமோ இருந்த மாதிரி இருந்துச்சு."

அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சன்னல் திட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, தவறாக நினைத்துக்கொள்ளவேண்டாம் என்று கூறிவிட்டுச் சென்றார். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் இன்னும் நாற்பது பேர் அதே போல எதையோ தேடிக்கொண்டு நின்றனர்.

"என்னங்க சார் பண்ணுனீங்க?" என்று துளசிமணி என் செருப்பிடம் கேட்டார்.

நான் திருத்தத்தை விளக்கினேன். இன்னும் ஒரு சொல் எழுதினால் அவருடைய தலை நிமிர்ந்துவிடும் என்பதையும், ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்களே இருக்கின்றன என்பதையும் கூறினேன். ஒரு கடிதம் வந்தது, அவர் குனிந்து நிமிர்ந்தார். அதில் கையொப்பம் இல்லை.

"பழையபடியே மாத்திருங்க."

"கல்யாணம்?"

"அதுக்காகத்தான் இப்படிப் பண்ணுனாங்கன்னு தெரிஞ்சா நான் எங்க போயி வெட்கப்படறதுங்க? இந்த ஊர்ல அதுக்குன்னு இருக்கறது நான் ஒருத்திதான்."

நான் விதியைப் பழையபடி திருத்தினேன். தாழ்வாரத்தில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக நினைவு வந்தது. முகம் வாடி வீட்டுக்குச் சென்றனர். அதற்கு மேல் அந்த அறையில் சும்மா அமர்ந்திருக்க என்னால் இயலவில்லை.

"முதல் கடிதம் என்னுதுங்க," என்றேன்.

துளசிமணி தலையை அசைத்தார். குனிந்த தலை அசைவது, இல்லை என்பதைப் போலவும் ஆம் என்பதைப் போலவும் இருந்தது.

"ஆளு நீங்கன்னு தெரியாதுங்க. ஆனா சங்கதி தெரியும். ஒரு மொதலாளி கேட்கறாரு. ஒருத்தர் வாயைத் தொறக்கல. தெனமும் காலைல வந்து உட்கார்ந்ததும் மொதல்ல அதுதான் வரும். அப்பறந்தான் மத்ததெல்லாம்."

நான் தலையை அசைத்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அதுல என்னமோ ஒண்ணு கொறையுதுங்க சார். எத்தனை பட்டாலும் அது தீரவே மாட்டேங்குது. மத்தவங்க கடுதாசியில அப்படி இல்ல."

அமலதாஸின் கையொப்பத்தைப் பெறுவதென்று அன்று பிற்பகலே முடிவு செய்தோம். அவர் இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கடை வைத்திருப்பது எனக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. பதினோர் ஆண்டுகளாக அந்தச் சாலையைத் தவிர்த்து வேறு சாலையில் சென்றுவந்தேன். கடிதத்தைச் சேவை பஸ்ஸைத் தவிர வேறு வண்டியில் கொண்டுசெல்லக்கூடாது என்பதும் என் விதிதான். மயில்சாமி பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு முகவரியைப் படித்தார்.

"அமலதாஸுங்கறது சர்வீஸுங்களா, ஆளுங்களா?"

"ஆள்தான்."

"ஆளுக்கெல்லாம் ஸ்டாப் இல்லீங்களே. சர்வீஸுக்குத்தான் நிக்கோணும்னு நீங்கதான எழுதிவெச்சுட்டுப் போனீங்க. எங்க மாமனார் செத்ததுக்கே நான் நடந்துதான் போனேன்."

நாங்கள் ஆணையரிடம் சென்று அமலதாஸைச் சேவையாகப் பதிவு செய்தோம். அவர் வழங்கும் சேவை என்ன என்ற இடத்தில் கையொப்பம் என்று எழுதினோம். பதிவு நடைமுறைக்கு வர ஒரு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பஸ் புறப்பட்டது. மயில்சாமி வழியெல்லாம் எனக்குச் சீட்டுக் கொடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அமலதாஸின் கடை சாலையோரத்தில் இருந்தது. ஆலை அவரை வெளியேற்றியபோது எண்பதாயிரம் மீட்டர் துணியையும் அவருடனேயே அனுப்பிவிட்டது. அவர் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். அகலம் இல்லாததால் துணி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால், அடுக்கி வைத்திருந்த ஒழுங்கு தெரிந்தது. எல்லைத் தகராறு உள்ளவர்கள் வரப்பின்மேல் விரிப்பதற்காக வாங்கிச் செல்வதாகப் பிறகு அறிந்தேன். நான் சென்றபோது ஒருவருக்குப் பன்னிரண்டு மீட்டர் அளந்து, கத்தரித்து, மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

"வாப்பா தெய்வநாயகம்," என்றார் பிறகு. "தனி பஸ்ஸெல்லாம் வச்சு வந்திருக்க."

நான் கடிதத்தை மேசைமீது வைத்தேன். கையொப்பம் தேவைப்படுவதையும், துளசிமணியின் தலையையும், ஞாயிற்றுக்கிழமையையும் பற்றிச் சுருக்கமாகக் கூறினேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, திறக்கும் டேக்கிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாங்கள் சேர்ந்து வேலை செய்த நாள்களிலும் என் பிழைகளை அவர்தான் கண்டுபிடிப்பார். ஆலையின் ஆணையை மட்டும் நான் அவருக்குக் காட்டாமல் அனுப்பிவிட்டேன்.

"ஒரு இடத்துல தப்பா இருக்கு," என்றார்.

"எங்க?"

"'மௌனமாக இருந்தேன்'னு எழுதியிருக்க."

"ஆமா."

"மௌனமா இருந்தது மத்தவங்க. அன்னைக்கு அந்த ரூம்ல பதினாலு பேர் மௌனமாத்தான் இருந்தாங்க. அவங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதலாளி, 'யார் வேலை'ன்னு கேட்டாரு. நீ திரும்பி என்னைப் பார்த்த. அப்புறந்தான் அவரு என்னைப் பார்த்தாரு."

அவ்வாறு நான் செய்யவில்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் என் கழுத்து, அன்று திரும்பிய பக்கமாகத் தானே திரும்பிற்று. அன்று அவர் நின்ற தொலைவில், அன்று அவர் நின்ற உயரத்தில், கடைச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதேதான்," என்றார் அமலதாஸ்.

சோதனைக் கடிதத்தில்கூட நான் பொய்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் தேறிவிட்டது. பதினோர் ஆண்டுகளாக ஒரு பெண்மணி நான் செய்யாத ஒன்றுக்காகத் தலைகுனிந்திருக்கிறார். செய்ததற்கு எவரும் குனியவில்லை.

நான் அந்த வரியை அடித்துவிட்டு, 'முதலாளி கேட்டபோது நான் திரும்பி அமலதாஸைப் பார்த்தேன்' என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். 'செய்தவர்' என்ற இடத்தில் 'சோதனை' என்றிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதையும் அடித்து என் பெயரை எழுதினேன். அவர் கையொப்பமிட்டு, ஈரம் உலர ஊதி, என்னிடம் கொடுத்தார். மன்னிப்பு என்ற ஒரு பகுதி அந்தக் கடிதத்தில் இல்லை. நான் அதை வடிவமைக்கவில்லை. ஆகவே, கேட்பதற்கு இடம் இல்லை.

"கெளம்பு. அடுத்த ஆளு நிக்கறாரு," என்றார்.

பின்னால் நின்றவர் எனக்கு வழிவிட்டு, நாற்பது மீட்டர் வேண்டும் என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆறாம் எண் அறையில் ஆணையரும் மயில்சாமியும் சுவரோரமாக நின்றனர். துளசிமணி கடிதத்தை வாங்கித் திருத்தப்பட்ட வரியைப் படித்தார்.

"இதுதானுங்க," என்றார் மெதுவாக. "இதுதான் கொறைஞ்சுது."

ஆணையர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் என் கையால் எழுதப்பட்ட ஒரு பிரிவை உரக்கப் படித்தார். ஒரு கடிதத்தில் 'செய்தது என்ன' என்ற பகுதி திருத்தப்படுமானால், முன்னர்ப் பட்ட வெட்கம் அக்கடிதத்திற்கு ஈடாகாது. திருத்திய செயலுக்குப் புதிதாக, அதே கால அளவுக்கு, பட்டாகவேண்டும். நகராட்சி எல்லைக்கு வெளியே வசிப்பவராயின் தாமே பட்டுக்கொள்ளவேண்டும்.

"எவ்வளவு காலமுங்க சார்?" என்றார் மயில்சாமி.

"பதினோரு வருசம், நாலு மாசம்," என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார் அவர்.

நான் மூடும் டேக்கை எழுதினேன். உள்ளே இருந்த அறுபத்தோராயிரத்துச் சொச்சம் கடிதங்களும் அலமாரியில் ஒரே சமயத்தில் லேசாகச் சரிந்து அமர்ந்தன. துளசிமணியின் மோவாய் நெஞ்செலும்பை விட்டு எழுந்தது. தாழ்வாரத்தைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், ஆணையரின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே சென்று முகத்தை அடைந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெட்டையா இருப்பீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன் சார்," என்றார். "செருப்பு அத்தனை பெருசு."

என்னால் பதில் பார்வை பார்க்க இயலவில்லை. என் தலை குனிந்துவிட்டிருந்தது. அவருடைய கால்களை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டேன். மகளின் திருமணத்திற்காக மருதாணி இட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருமணத்திற்குச் சென்றேன். மண்டப வாயிலில் துளசிமணியின் பட்டுச்சேலைக் கரை தெரிந்தது, வரவேற்கும் குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினர். சம்பந்தியம்மாளின் கால்கள் அவருக்கு முன்னால் வந்து நின்றன. சந்தனக் கிண்ணம் கைமாறும் ஓசை கேட்டது. பிறகு சம்பந்தியம்மாள், "போன்ல பேசுன மாதிரியேதான் இருக்கறீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். வந்த வண்டி வெறுமையாகத் திரும்பிற்று.

முகூர்த்தம் ஒன்பது மணி முதல் பத்தரை வரை. ஒன்பதே முக்காலுக்குச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் மாப்பிள்ளையை அழைத்து வரச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் மணமேடைக்கு அருகே வந்தார்.

"மாப்பிள்ளையும் உங்க ஊருக் கடுதாசியாட்டப் பகுதி பகுதியாத்தான் வர்றாரு. ஒசரமும் கொரலும் வந்துருச்சுங்க. மிச்சம் பதினொன்னே கால் வண்டிக்கு வந்துரும்."

"முகூர்த்தத்துக்கு அது போதும்," என்றார் அருமைக்காரர். "கழுத்து வர்ற வரைக்கும் மாலையை மட்டும் யாராச்சும் புடிச்சுக்கோங்க."

துளசிமணி கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து என் பெயரைச் சொல்லி அழைத்தார். நான் எழுந்து, தரையைப் பார்த்தபடியே மேடைக்குச் சென்றேன். மணப்பெண் கோகிலவாணி பலகையின்மீது நின்றிருந்தாள். என் கையில் மாலையைக் கொடுத்தார்கள். எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

"அஞ்சடி எட்டு அங்குலமுங்க," என்றார் தாய்மாமன்.

தலையை நிமிர்த்தாமல் இரண்டு கைகளையும் அந்த அளவுக்கு உயர்த்தி மாலையைப் பிடித்துக்கொண்டேன். கெட்டிமேளம் தொடங்கிற்று.

"கை வலிச்சாச் சொல்லுங்க மாமா," என்றது மாலைக்குள்ளிருந்து ஒரு குரல்.

வலிக்கவில்லை என்றேன்.